ரோஜாக் குடும்பத்துக் கறுப்புப் பழம்

அந்தச் செடியைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அதன் குடும்பம் தெரியும், சொந்த இடம் தெரியும், தூரத்தில் நின்றே இன்னதென்று சொல்லவும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும், பாவம், அறியாமல் செய்துவிட்டான் என்று உச்சுக்கொட்ட வேண்டாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பதினொரு வருடம் தாவரவியல் படிப்பித்துவிட்டு வந்து, பாரிஸின் லா ஷப்பலில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இன்னும் ஆறு ஆண்களுடன் குடியிருந்தேன். இரண்டு அறை, ஒரு குசினி. எல்லோரும் என்னை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதை மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சில் கடிதம் ஏதாவது வந்தால், "மாஸ்ரர், இதில என்ன போட்டிருக்கு?" என்று மூக்குக்கு முன்னால் நீட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தெரிந்த அதே நாற்பது ஐம்பது சொல்தான் எனக்கும் தெரியும். தெரியாது என்றால், படித்த திமிரில் ஒளிக்கிறான் என்பார்கள். ஆகவே அகராதியைப் புரட்டி எதையாவது சொல்லிவைப்பேன். அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகத் தெரிந்தது மாதிரிச் சொல்கிற பழக்கம் அங்கேதான் எனக்குத் தொற்றியது.

அந்த ஆறு பேரில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்போம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். பாரிஸில் ஒரு உணவகத்தின் குசினியில், நாள் முழுக்க நின்றபடி கோப்பை கழுவினார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அகதி என்று ஏற்றுக்கொண்டு காட் தந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அந்த வதிவிட அட்டையை நாங்கள் காட் என்றுதான் சொல்வோம். பெண்டாட்டி பிள்ளைகளின் பெயரை விட அந்தச் சொல்தான் அந்த வீட்டில் கூடுதலாகக் கேட்கும்.

அண்ணைக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. வரும்போது கொழும்பில் அதற்கான மருந்துக் குளிசை வாங்கிக் கொண்டுவந்திருந்தார். அது முடிய முடிய, ஊரிலிருந்து வருகிறவர்கள் யாராவது ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுப்பார்கள். இங்கே டாக்குத்தரிடம் போக மாட்டார். காரணம், ரூ லூயி-பிளாங்கில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள், வருத்தக்காரருக்குக் காட் கிடையாதாம், ஒப்பித்தால் என்கிற ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தால் அது நேரே அகதி அலுவலகத்துக்குப் போகுமாம் என்று. அண்ணையின் படிவத்தை நிரப்பியவன் நான். அதில் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்கவில்லை. ஒரு தரம் சொல்லியும் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியாது மாஸ்ரர். அதுகளை அவங்கள் படிவத்தில போடமாட்டாங்கள்" என்றார். எங்கள் ஆட்களுக்கு அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பதில் நம்பிக்கை கிடையாது. தேத்தண்ணீர்க் கடையில் சொன்னால் அதுதான் சட்டம்.

எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் இரண்டாம் மாடியில் இருந்த பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், தபால் இலாகாவில் வேலை. எங்களைப் பார்த்தால் கொஞ்சம் முகம் சுளிப்பார், ஆனால் உதவி என்று போனால் தட்டமாட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் பாரிஸுக்கு வெளியே, ரயிலில் ஒரு மணித்தியால தூரத்தில் இருந்த ஒரு நாற்றுப் பண்ணையில் சேர்த்துவிட்டார். தொட்டி தூக்கிற வேலை. மண் கலக்க வேணும், களை பிடுங்க வேணும், லொறியில் செடி ஏற்ற வேணும்.

முதல் நாளே ஒன்று நடந்தது. ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் ஒரு தகட்டுத் துண்டு குத்தியிருந்தது. அதில் செடியின் லத்தீன் பெயர், கீழே குடும்பம், அதற்குக் கீழே சொந்த இடம். நான் ஒரு வரிசையில் நின்று வாசித்தேன். அடுத்ததை வாசித்தேன். அதற்கடுத்ததையும் வாசித்தேன். ரோசேசியே. கப்ரிஃபோலியேசியே. பெர்பெரிடேசியே. ஒரு வருடமாகத் தெருப் பலகை கூட ஒழுங்காக வாசிக்கத் தெரியாமல் அலைந்தவனுக்கு அங்கே ஒரு சொல் கூட இடறவில்லை. கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், களைப் புல்லுக்கு முன்னால் நின்று அழுதேன்.

பண்ணை முதலாளி அதைக் கண்டுவிட்டு என்ன என்று கேட்டார். நான் பெயர்களைக் காட்டி, மார்பைத் தொட்டு, "ப்ரொஃபெசேர்" என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அதை வசனமாக மனதில் வைத்திருந்து, பின்னேரம் பாண்டிச்சேரிக்காரரிடம் கேட்டு அர்த்தம் தெரிந்துகொண்டேன். இங்கே வேலைக்கு வருகிற எல்லோரும் முன்னொரு காலத்தில் ஏதோ ஒன்றாகத்தான் இருந்தார்கள் என்றிருக்கிறார். சரியாகத்தான் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஓகஸ்ட் முடிகிற நேரம் பன்னிரண்டாம் வரிசைக்கு என்னை அனுப்பினார்கள். இடுப்பளவு உயரத்தில் புதர்கள், ஒவ்வொரு கிளை நுனியிலும் பளபளவென்று கறுத்த பழக் கொத்து. தகட்டில் ஆரோனியா மெலனோகார்ப்பா என்றிருந்தது. மெலனோகார்ப்பா என்றால் கறுத்த பழம் என்றுதான் அர்த்தம். குடும்பம் ரோசேசியே, சொந்த இடம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. எங்கள் பக்கத்தில் இல்லாத செடி, புத்தகத்தில் கூட நான் கண்டதில்லை. ஒரு இலையைப் பறித்து, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கைக்கண்ணாடியால் பார்த்தேன். நடு நரம்பின் மேல்பக்கம் நெடுக, கறுப்பாக, மயிர் முனைபோலச் சின்னச் சின்னச் சுரப்பிகள். இலையின் ஓரம் நுண்ணிய பல். கீழ்ப்பக்கம் மயிரில்லாமல் மழுமழுவென்று இருந்தது. இதன் கூடப்பிறந்தது ஒன்று இருக்கிறது, சிவந்த பழம் காய்ப்பது, அதன் இலைக்குக் கீழே மயிர் இருக்கும். இரண்டும் கலந்தால் ஊதா நிறத்தில் ஒன்று வரும். பழத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறை, உள்ளே சின்ன விதைகள். அதாவது ஒரு குட்டி அப்பிள். ரோஜாவுக்கும் அப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் சொந்தக்காரன்.

பண்ணைக் கொட்டகையில் ஒரு பழைய செடிப் பட்டியல் புத்தகம் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியோடு அதைப் பிடித்துக்கொண்டேன். இந்தச் செடி பட்ட பாடு பெரும்பாடு. அமெரிக்கக் காடுகளில் அலைந்த ஒரு பிரெஞ்சுக்காரர் இதை முதலில் வேறொரு பழமரத்தின் சாதியில் சேர்த்து எழுதினார். பிறகு வந்தவர் இல்லை, இது பேரி என்றார். இன்னொருவர் மலைப் பக்கத்து ரோவன் மரத்தோடு சேர்த்தார். வேறொருவர் இது ஒருத்தரோடும் சேராது, தனிச் சாதி என்றார். இதற்கிடையில் செடி பாட்டுக்குத் தன் இடத்தில் நின்றது. வடக்கே கனடாவின் கடல் தீவிலிருந்து மேற்கே பெரிய ஏரிகள் வரைக்கும், தெற்கே மலைத்தொடர் வழியாக ஜோர்ஜியா வரைக்கும், சதுப்பின் ஓரத்திலும் பாறை இடுக்கிலும் ஒரு பெயரும் கேட்காமல் காய்த்துக்கொண்டிருந்தது. கப்பலில் ஐரோப்பாவுக்கு வந்த பிறகு தோட்டத்து வேலியாகிவிட்டது. இலையுதிர்காலத்தில் இலை நெருப்பாகச் சிவக்கும், அதற்காகத்தான் வாங்குவார்கள். பழத்தை யாரும் சீந்துவதில்லை.

முதலாளி தொட்டிகளை விற்பனைக்கு அனுப்பும் முன் பழக் கொத்துகளை வெட்டிவிடச் சொன்னார். குப்பையில் போடப் போனதில் ஒன்றை வாயில் போட்டேன். துவர்ப்பு. நாக்கு மரத்து, கன்னத்தின் உட்பக்கம் இழுத்துப் பிடித்தது. துப்பிவிட்டுப் பார்த்தால் கை எல்லாம் ஊதா. பள்ளிக்கூட வளவு நாவல் மரத்துக்குக் கீழே வெள்ளை யூனிபோமைக் கெடுத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளின் நினைவு வந்தது. ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு ரயில் ஏறினேன். விளையாட்டாகத்தான் செய்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி, பக்கத்து அறைகளில் இருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள். அன்றைக்குப் பன்னிரண்டு பேராவது இருந்திருப்பார்கள். நான் பழத்தை ஒரு கோப்பையில் கொட்டி நடுவில் வைத்தேன்.

"ஐயோ, நாவற்பழம்!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் பாய்ந்தார்கள். ஆளாளுக்கு நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். கிழடுகள் எல்லாம் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டன.

"இது நாவல் இல்லை. நாவலுக்கு ஒரு கொட்டை. இதைக் கடிச்சுப் பாருங்கோ" என்றேன்.

"குளிர் நாட்டு நாவல் மாஸ்ரர்," என்றார் ஒருவர். "கொட்டை சிறுத்துப் போச்சு. நாங்களும் இஞ்சை வந்து சிறுத்துத்தானே போனம்."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அண்ணை மட்டும் சிரிக்காமல் ஒரு பழத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். சீனி வருத்தத்துக்கு நாவல் நல்லது என்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாவற்கொட்டையைக் காயவைத்து இடித்துத் தூளாக்கி வைத்திருக்காத வீடு குறைவு.

"என்ன குடும்பம் மாஸ்ரர் இது?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் ஒருவர் எனக்குத் தெரிந்த விஷயத்தில் கேள்வி கேட்டார். கறிச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். நின்றேன் என்பதை நினைக்க இப்போது கூசுகிறது. வருணம், குடும்பம், சாதி, இனம் என்று எங்கள் பாடப்புத்தக வரிசையில் தொடங்கினேன். "சாதியும் பாக்கிறாங்களோ செடிக்கு?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் அவரை இடித்தார், ஏனென்றால் வந்து ஏறுகிற ஒவ்வொருவனிடமும் ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று தோண்டித் தோண்டிக் கேட்கிற வீடுதான் அது. நான் நிறுத்தவில்லை. நாவல் மிர்ட்டேசியே குடும்பம், கொய்யாவுக்கும் கராம்புக்கும் சொந்தம், இலை எதிரெதிரே வரும், வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளி தெரியும், கசக்கினால் மணக்கும், எங்கள் பக்கத்து மண்ணுக்கு உரியது என்றேன். இது ரோசேசியே, இலை மாறிமாறி வரும், வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை விட்டுத் தானாக எங்கும் போனதில்லை என்றேன். இதுவரைக்கும் சரி. அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்காரவில்லை. கொட்டகையில் வாசித்ததையும் எடுத்துவிட்டேன். ஒருவர் பேரி என்றார், ஒருவர் ரோவன் என்றார், ஒருவர் தனி என்றார், வெள்ளைக்காரர் இருநூறு வருடமாக அடிபடுகிறார்கள், இன்னும் தீரவில்லை என்று கைகளை விரித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. கடிதம் வாசிக்கச் சொல்லி நீட்டும்போது தெரிகிற முகம் இல்லை அது.

அண்ணை நிதானமாகக் கேட்டார். "அப்ப மாஸ்ரர், இது இன்னதுதான், வேற இல்லையெண்டு ஒருத்தரும் அடிச்சுச் சொல்லேலாது?"

"ஒருத்தரும் அடிச்சுச் சொல்லேலாது அண்ணை," என்றேன்.

என்ன அழகான வசனம். சொல்லும்போதே ருசித்தது. அந்தச் சண்டை முழுவதும் ரோஜாக் குடும்பத்துக்குள்ளே நடக்கிற பங்காளிச் சண்டை. நாவலுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஒரு பதினேழு வயது மாணவன் அப்படி விடை எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் குறுக்கே கிழித்திருப்பேன். அண்ணை எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தும் இருந்தது. திருத்திச் சொன்னால் வகுப்பு கலைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பழம் முடியும் வரைக்கும் ஒவ்வொரு சனியும் ஒரு பை கொண்டுவந்தேன். அண்ணை அதைக் கழுவி, பழைய கடதாசியில் பரப்பி, சோபாஜ் என்கிற சூடாக்கியின் மேல் வைத்துக் காயவைப்பார். அறை வெப்பத்துக்காக நாங்கள் அந்தச் சோபாஜைப் போட்டதை விட அந்தப் பழத்துக்காகப் போட்டதுதான் அதிகம். சீனி வருத்தம் உள்ள இன்னும் இரண்டு பேர் ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் கடை வைத்திருந்த ஒருவர் மூலம் கேள்விப்பட்டு வந்து ஒரு பிடி வாங்கிக்கொண்டு போனார்கள். தெருவில் போனால், "நாவல் மாஸ்ரர் போறார்" என்று ஒருவருக்கொருவர் சொல்வது காதில் விழும். திரும்பிப் பார்க்காமல் நடப்பேன், ஆனால் நடையைக் கொஞ்சம் குறைப்பேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் குசினிக்குப் போனபோது அண்ணை காய்ந்த பழத்தை இடித்துக்கொண்டிருந்தார். இடித்து முடித்து, தூளைக் கரண்டியால் அள்ளி ஒரு சின்னப் போத்தலில் போட்டார். அது அவருடைய குளிசைப் போத்தல். கொழும்புக் கடையின் லேபல் அப்படியே இருந்தது.

"குளிசை எங்கை அண்ணை?"

"அது முடிஞ்சு இப்ப எத்தினை நாள். ஒருத்தரும் வரேல்லை." கரண்டியைத் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது நாவல்தானே மாஸ்ரர்? காணும்தானே?"

இரண்டாவது தடவையாகக் கேட்கிறார். வெறும் ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. இல்லை. அதைச் சொன்னால் நான் மூன்று மாதமாக ஊரைப் பேய்க்காட்டியிருக்கிறேன் என்றாகும். கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும், பழம் வாங்கிக்கொண்டு போன இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் திரும்பவும் வெறும் தொட்டி தூக்குகிறவனாகப் போக வேண்டும்.

"நாவல் மாதிரித்தான் அண்ணை," என்றேன்.

டிசம்பரில் அவர் கால் இழுத்து நடக்கத் தொடங்கினார். சப்பாத்துக் கடித்துவிட்டது என்றார். குசினியில் எப்போதும் ஈரத்தில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கால் கடிதான், ஆகவே யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நான் எடுத்தேன். சீனி வருத்தக்காரரின் கால் புண் என்றால் என்னவென்று தெரியாத மடையன் இல்லை நான். ஒப்பித்தாலுக்குப் போவோம் என்றேன். வழமையான பதில்தான் வந்தது, காட் வரட்டும், இந்த நேரத்தில் போய்ப் பெயரைப் பதிந்து கெடுக்கக் கூடாது என்று. பிறகு கட்டிலில் இருந்தபடி, காலுறையைக் கழற்றாமல், மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"தூளைக் கொஞ்சம் கூட்டி எடுத்துப் பாக்கிறன். என்ன சொல்லிறியள், மாஸ்ரர்? எடுக்கலாமோ?"

"எடுத்துப் பாருங்கோ," என்றேன். சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று இறங்கி வந்துவிட்டேன். ரயிலுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம், வேலை செய்யும் இடத்தில் அண்ணை விழுந்துவிட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பண்ணையில் பனி என்று அன்றைக்கு எனக்கு வேலை இருக்கவில்லை, நான்தான் வீட்டில் நின்றேன். காலுறையைக் கழற்ற முடியவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். இரண்டு விரலும் பாதத்தின் ஓரமும் கறுத்துப் போயிருந்தன. ஜன்னலைத் திறந்துவிட்டேன், அவ்வளவு நாற்றம். ஓடிப்போய்ப் பாண்டிச்சேரிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாய்யா இது! இவ்ளோ நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? தொக்தேரண்ட காட்டலியா?" என்று கத்திவிட்டு, கீழே ஓடி அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

ஒப்பித்தாலில் ஒரு பெண் டாக்குத்தர். அண்ணை கட்டிலில் கிடந்தார், நினைவு தெளிவாகத்தான் இருந்தது. பாண்டிச்சேரிக்காரர் மொழிபெயர்த்தார். இந்த வருத்தத்துக்கு இத்தனை மாதமாக என்ன மருந்து எடுத்தார் என்று டாக்குத்தர் கேட்டார். பாண்டிச்சேரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய பேனாவை வாங்கி, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினேன். ஆரோனியா மெலனோகார்ப்பா. எழுத்துப் பிழை இல்லாமல், பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாதிரி, இரண்டு சொல்லுக்கும் கீழே கோடு போட்டு எழுதினேன். கை பழக்கத்தில் போட்ட கோடு. அதை நினைத்தால் இன்றைக்கும் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

டாக்குத்தர் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இது உங்கள் நாட்டுச் செடியா என்று கேட்டார்.

அதற்கு எனக்குப் பதில் தெரியும். அந்த அறையில் வேறு ஒருவருக்கும் தெரியாத பதில். நான் வாயைத் திறக்க முன் அண்ணை தலையைத் திருப்பினார்.

"ஊர் மருந்து எண்டு சொல்லுங்கோ," என்றார்.

பாண்டிச்சேரிக்காரர் அப்படியே சொன்னார். டாக்குத்தர் பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினார். எங்களைப் போன்றவர்களைப் பற்றி முன்பே தெரிந்திருந்ததை இன்னொரு தரம் தெரிந்துகொண்ட ஆட்டல் அது. கடதாசியை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். பழியை ஊர் ஏற்றுக்கொண்டது. நானும் வட அமெரிக்காவும் தப்பித்துக்கொண்டோம்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவர் ஒப்பித்தாலில் கிடக்கும்போதே காட் வந்துவிட்டது. கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், நான்தான் வாசித்தேன். அதில் வருத்தத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. தேத்தண்ணீர்க் கடையில் அந்தக் கதையைச் சொன்னது யார் என்று பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். எல்லோரும் இன்னொருவர் சொல்லித்தான் கேட்டிருந்தார்கள். அந்த மனிதனைக் கண்டுபிடித்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கும்.

பழம் கொண்டுபோன மற்ற இரண்டு பேரிடமும் போய்ச் சொன்னேன், அதை நிறுத்துங்கோ என்று. ஒருவர் தான் குளிசையையும் விடவில்லை என்றார். மற்றவர் துவர்ப்புத் தாங்காமல் முதல் நாளே கொட்டிவிட்டாராம். இவ்வளவு லேசாக அந்த இரண்டு வீட்டிலும் சொல்ல முடிந்தது. யாரும் என்னை ஏசவில்லை, ஒருவர் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அந்தச் செடியின் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. பிறகு சிலர் அதைப் போட்டினியா என்ற வேறொரு சாதிக்குள் தள்ளினார்கள். வேறு சிலர் திரும்ப வெளியே எடுத்தார்கள். ரஷ்யாவில் பெரிய பழம் காய்க்க வளர்த்த ஒரு வகை ரோவனோடு கலந்த கலப்பாம், அதற்குப் புது இனப் பெயரே வைத்துவிட்டார்கள். கண்ணில் படும்போதெல்லாம் வாசிக்கிறேன். எங்கே தூக்கி வைத்தாலும் ரோஜாக் குடும்பத்தை விட்டு அது ஒரு அடி வெளியே வரவில்லை. அவ்வளவு உறுதியாக உலகத்தில் தெரிந்த விஷயம் ஒன்றைத்தான் நான் தெரியாததாக்கினேன்.

ஒன்றரை வருடம் கழித்து அண்ணையின் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அண்ணைக்குத் தனி வீடு கிடைத்திருந்தது, ஒற்றை அறைதான், ஆனால் தரைத்தளம். ஒரு ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க நான் சொன்ன சாட்டுகளை எல்லாம் அண்ணை ஏற்கவில்லை. அண்ணை கதிரையில் இருந்தார், பொய்க்கால் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது. சாப்பிட்டு முடிந்ததும் அவருடைய மனைவி ஒரு பால்மாப் பேணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மூடியைத் திறந்தேன். நாவற்கொட்டைத் தூள். மண் நிறம், அந்த மணம்.

"எங்கட வளவு மரத்தின்ர கொட்டை மாஸ்ரர். நானே இடிச்சு, சல்லடையில அரிச்சுக் கொண்டுவந்தனான்," என்றார். "நீங்கள் இஞ்சை குளிருக்குள்ள அலைஞ்சு நாவற்பழம் தேடிக் குடுத்தனீங்கள் எண்டு இவர் ஒவ்வொரு கடிதத்திலயும் எழுதுவார். அதாலதான் காலோட போச்சு, ஆள் மிஞ்சினது. இது இனி எல்லாருக்கும் காணும். நீங்கள் அலைய வேண்டாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்," என்று குசினிக்குள் போனார்.

நான் பேணியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். "அண்ணை, அந்தப் பழம்" என்று தொடங்கினேன்.

"அது நாவல் இல்லையெண்டு எனக்குத் தெரியும், மாஸ்ரர்," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை, குசினிக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. "சங்கக்கடையில இருபது வருசம் சாமான் பாத்து எடுத்தவன் நான். ஒரு கொட்டைக்கும் சின்ன விதைக்கும் வித்தியாசம் தெரியாதோ? ஒப்பித்தாலுக்குப் போகப் பயமாக் கிடந்தது. நீங்கள் படிச்ச ஆள், அடிச்சு ஒருக்கா இல்லையெண்டு சொன்னியளெண்டால், வேற வழியில்லை, போகத்தான் வேணும் எண்டு போயிருப்பன். அதுக்குத்தான் மூண்டு தரம் கேட்டனான்."

நான் பேணியின் மூடியைப் போட்டேன். அது சரியாகப் பொருந்தவில்லை, திரும்பவும் கழற்றிப் போட்டேன்.

"மாஸ்ரருக்குச் சீனி எத்தினை கரண்டி?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

மூடி இன்னும் பொருந்தவில்லை. அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்காகத் தானே பதில் சொன்னார்.

"ரெண்டு போடும்," என்றார்.